மறைக்க என்ன இருக்கிறது?

கிரிப்டோவில் அந்தரங்கம் கேட்பவர் கறுப்புப் பணத்தை மறைக்கவே கேட்கிறார், நேர்மையானவருக்கு அது தேவையில்லை என்பது பரவலான வாதம். அது நிற்காது.

1. காசிமேட்டு மீன் ஏலத்தில் கைமாறும் 500 ரூபாய் நோட்டு, கொடுத்தவரின் பழைய கணக்கைச் சொல்லாது. பிட்காயின் பேரேடு எல்லோருக்கும் திறந்தது. முகவரி யாருடையது என்று தெரிந்தால் அதன் முழு வரலாறும் அம்பலம்.

2. 2023 மார்ச் 7 முதல் கிரிப்டோ சந்தைகள் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. அடையாளம் சரிபார்க்கப்படுகிறது, சந்தேகப் பரிவர்த்தனை நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குப் போகிறது. பிறகு ஊரே பார்ப்பது எதற்கு?

3. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தனர்.

4. கிரிப்டோ சொத்தே என்று 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. வங்கிக் கணக்குக்கு உள்ள மறைவு இந்தச் சொத்துக்கு மட்டும் ஏன் கூடாது?

கணக்கு, சட்டப்படி கேட்கும் அதிகாரிக்குத் திறக்க வேண்டியது. வேடிக்கை பார்ப்பவருக்கு அல்ல.