தூதுவளைக்கு ஒரு மூலை விடுங்க

கிணத்து மேட்டு உயிர்வேலியை ஜேசிபி விட்டு வழிச்செடுத்துட்டு, கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்தவன் நான். கிளுவையோட சேர்ந்து அதுல படர்ந்திருந்த தூதுவளையும் போச்சு. அப்போ பெரிசாத் தெரியல. போன மார்கழியில பேரனுக்குச் சளி பிடிச்சப்ப, நாட்டு மருந்துக் கடையில தூதுவளைப் பொடியைக் காசு கொடுத்து வாங்கிட்டு வந்தேன். வீட்டுக்காரம்மா ஒண்ணும் பேசல. டப்பாவை மோந்து பார்த்துட்டு வச்சுட்டாங்க.

மூலிகைச் சாகுபடின்னு இதை ஏக்கர் கணக்குல போடச் சொல்லல. தொட்டித் தண்ணி வழியுற இடம், தென்னை நிழல்னு நாம 'எதுவும் வராது'ன்னு ஒதுக்குற மூலையே போதும். மண் ஈரமா இருக்கணும். தண்ணி தேங்கக் கூடாது. கொஞ்சம் வெயிலும் பட்டால் ஊதாப் பூ பூத்து, சுண்டைக்காய் அளவில் காய்த்துச் சிவக்கும். பழத்தைப் பிசைந்து விதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி விதைக்கலாம். முற்றிய தண்டை வெட்டி நட்டாலும் துளிர்க்கும். ஏறிப் படர ஒரு கிளுவைப் போத்து ஊன்றிவிடுங்க.

முள்ளுதான் தொந்தரவுங்கிறாங்க. இலை நரம்பில் இருக்கிற முள்ளைக் கத்தரியால் நறுக்கிட்டு நெய்யில வதக்கினால் துவையலுக்கு ஆச்சு. சும்மா முளைக்கிற முள்ளை வெட்டி எறிஞ்சுட்டு, கம்பியில முள்ளைக் காசுக்கு வாங்கினவங்கதானே நாம!

தொட்டியடியில மூணு தண்டு நட்டேன். ரெண்டு துளிர்த்திருக்கு.