ஆறு அறை, ஐந்து தோட்டா

அமெரிக்காவில் கௌபாய் உடை அணிந்து, பழங்காலத் துப்பாக்கிகளால் இரும்புத் தகடுகளைச் சுடும் போட்டி நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவருகிறது. கலிஃபோர்னியாவில் நண்பர்கள் சிலர் விளையாட்டாகத் தொடங்கியது இது. 1987இல் சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி என்ற அமைப்பாகி இன்று பல நாடுகளில் பரவியிருக்கிறது. உறுப்பினராகச் சேரும் ஒவ்வொருவரும் பழைய மேற்கு அமெரிக்காவுக்குப் பொருந்தும் புனைபெயர் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இரண்டு ரிவால்வர், ஒரு நெம்புகோல் ரைஃபிள், ஒரு ஷாட்கன் ஆகியவற்றுடன் களத்தில் இறங்குகிறார்கள். கடிகாரம் ஓடும். தவறும் ஒவ்வொரு குறிக்கும் ஐந்து விநாடி கூட்டப்படும்.

ரிவால்வரில் ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்த பிறகுதான் விசை வேலை செய்ய வேண்டும். 1873இல் கோல்ட் நிறுவனம் அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்த ‘சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி’தான் இந்த வகையின் பெயர்பெற்ற மாதிரி, ‘பீஸ்மேக்கர்’ என்றால் பலருக்கும் தெரியும். அசல் கோல்ட் இன்றும் தயாராகிறது, ஆனால் விலை மிக அதிகம். அதனால் போட்டிக்கு வருபவர்களில் பெரும்பகுதியினர் இத்தாலிய நகல்களையோ, அமெரிக்க நிறுவனமான ரூகர் செய்யும் வாக்கேரோவையோ வாங்குகிறார்கள். சினிமாவில் காட்டும் டம்மி போன்றதல்ல இந்த நகல். உண்மையான தோட்டாவைச் சுடுவது, ஆளைக் கொல்லக்கூடியது.

இவற்றை வாங்கியவர்களின் குறைகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. ஸ்பிரிங் ஒடிந்துவிட்டது. குண்டு குறிக்குக் கீழே போகிறது. சிலிண்டரைச் சுற்றிக் கோடு விழுந்துவிட்டது. திருகுகள் தளர்ந்துபோகின்றன. உடனே ‘மலிவான இத்தாலியச் சரக்கு’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இந்த முடிவு பெரும்பாலும் தவறு என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன். இந்தக் குறைகளில் பல, 1873இன் வடிவமைப்பிலேயே இருந்தவை. நகல் எவ்வளவு நேர்மையாக மூலத்தைப் பின்பற்றுகிறதோ, அவ்வளவுக்கு மூலத்தின் பலவீனங்களும் அதோடு சேர்ந்தே வரும்.

செய்பவர்கள் யார் என்பதை முதலில் பார்க்கலாம். வட இத்தாலியில் பிரேஷியா நகருக்கு அருகே வால் ட்ராம்பியா என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. பல நூற்றாண்டுகளாகத் துப்பாக்கிக் குழல் செய்வதே அங்குள்ள பட்டறைகளின் பிழைப்பு. 1526 முதல் கணக்கு வைத்திருக்கும் பெரெட்டா நிறுவனம் இருப்பது அந்தப் பள்ளத்தாக்கின் கார்டோனே ஊரில்தான். 1959இல் அதே ஊரில் ஆல்டோ உபெர்ட்டி தன் பட்டறையைத் தொடங்கினார். 1961இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு வரவிருந்ததால் பழைய ரிவால்வர்களின் நகல்களுக்கு அமெரிக்காவில் கேட்பு எழுந்திருந்தது. முதலில் கோல்ட்டின் 1851ஆம் ஆண்டு மாதிரியைச் செய்தார்கள், பிறகு 1873ஆம் ஆண்டு மாதிரிக்கு வந்தார்கள். செர்ஜியோ லியோனேயின் கௌபாய் படங்களிலும் இத்தாலிய நகல்கள் இடம்பெற்றன. சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸில் நம்மவர்கள் விரும்பிப் படிக்கும் டெக்ஸ் வில்லரும் 1948இல் இத்தாலியில் பிறந்த பாத்திரம்தான். அமெரிக்க மேற்கின் மீது அந்த நாட்டுக்கு இருக்கும் பிரியம் பழையது. 2000இல் உபெர்ட்டியை பெரெட்டா குழுமம் வாங்கியது. பியெட்டா என்ற இன்னொரு நிறுவனமும் அதே மாவட்டத்தில் இருக்கிறது. ஆக, தொழில் தெரியாதவர்கள் அவசரமாகச் செய்த பொருள் என்று இவற்றை ஒதுக்க முடியாது.

இனி ஸ்பிரிங். கோல்ட்டின் உள்ளே தட்டையான எஃகு ஸ்பிரிங் ஒன்று இரு கால்களாகப் பிளந்து நிற்கும். ஒரு கால் விசையைத் தள்ளும், மறு கால் சிலிண்டரைப் பூட்டும் தாழை மேலே தள்ளும். சுத்தியலை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் இந்தக் கால்கள் வளைந்து நிமிர்கின்றன. 1870களில் ஒரு குதிரைப்படை வீரன் வாரக்கணக்கில் சுடாமலே இருந்திருப்பான். இன்றைய போட்டியாளரோ ஒரே வார இறுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட முறை சுத்தியலை இழுக்கிறார், வீட்டில் பயிற்சிக்காக இழுப்பது தனி. தட்டை ஸ்பிரிங் களைத்து ஒடிவதில் வியப்பில்லை. சிலிண்டரைச் சுழற்றும் நெம்புக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய ஸ்பிரிங்குக்கும் இதே கதிதான். அனுபவமுள்ளவர்கள் வாங்கிய கையோடு கம்பியால் செய்த மாற்று ஸ்பிரிங்குகளைப் போட்டுவிடுகிறார்கள். அதன் பிறகு இந்தத் தொல்லை பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

சிலிண்டரைச் சுற்றி விழும் கோட்டுக்குப் பல நேரம் காரணம் வைத்திருப்பவரின் கைதான். தோட்டா போடுவதற்குச் சுத்தியலைப் பாதி இழுத்து நிறுத்துவார்கள். அந்த நிலையில் தாழ் உள்வாங்கியிருக்கும், சிலிண்டர் தாராளமாகச் சுழலும். பாதி நிலையிலிருந்தே சுத்தியலை மெல்லக் கீழே இறக்கினால், தாழ் பள்ளத்தைச் சேராமல் சிலிண்டரின் உடம்பில் போய் உட்கார்ந்து உரசும். சுத்தியலை முழுதும் பின்னுக்கு இழுத்த பிறகே இறக்க வேண்டும். இந்தப் பழக்கம் வராதவர் கையில் அசல் கோல்ட்டிலும் கோடு விழும். முழுதும் இழுத்தே இறக்கியும் புதுத் துப்பாக்கியில் ஆழமாகக் கோடு விழுந்தால், தாழ் முன்கூட்டியே எழுகிறது என்று பொருள். அது பட்டறையின் குறை. துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டிச் சரிசெய்துகொள்ளலாம்.

குண்டு கீழே போவதில் தயாரிப்பாளரின் யோசனை ஒன்று இருக்கிறது. இந்த ரிவால்வர்களில் பின்பக்கக் குறி என்பது சட்டத்தின் மேல் வெட்டிய ஒரு பள்ளம், முன்னால் நிற்பது அசையாத ஒரு தகடு. முன்தகடு உயரமாக இருந்தால் குண்டு தாழ்ந்து போகும், அதை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தால் குண்டு மேலேறும். தேய்த்ததை மறுபடி வளர்க்க முடியாது. அதனால் தயாரிப்பாளர்கள் உயரமாக விட்டே அனுப்புகிறார்கள். எந்தத் தோட்டாவை எப்போதும் பயன்படுத்தப் போகிறோம் என்று முடிவானபின் தேய்ப்பதே சரி, ஏனென்றால் குண்டின் எடையும் வேகமும் மாறினால் குறியும் மாறும். இடப்பக்கமோ வலப்பக்கமோ விலகினால் குழலையே சட்டத்தில் இம்மி திருப்ப வேண்டும். அதை வீட்டில் செய்யப்போய்ச் சட்டத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனாலும் இந்த வடிவமைப்பின் மிகப் பெரிய குறை, ஸ்பிரிங்கும் அல்ல, குறித்தகடும் அல்ல. சுத்தியலின் நுனியிலேயே ஊசி இருக்கிறது. ஆறு அறைகளிலும் தோட்டா போட்டுச் சுத்தியலை இறக்கினால், அந்த ஊசி ஒரு தோட்டாவின் வெடிமுனை மீதே படுத்திருக்கும். துப்பாக்கி கீழே விழுந்து சுத்தியல் அடிபட்டால் போதும், வெடித்துவிடும். ஊசியைச் சற்றே தூக்கிப் பிடிக்கச் சுத்தியலில் ஒரு சிறு வெட்டு உண்டு, ஆனால் பலமான அடிக்கு அது தாங்காது. 1876 ஜனவரியில் கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டாவில், பின்னாளில் பெரும்புகழ் பெற்ற வயட் எர்ப் ஒரு மதுக்கடையின் பின்னறையில் உட்கார்ந்திருந்தபோது அவருடைய ரிவால்வர் உறையிலிருந்து நழுவி விழுந்து வெடித்தது. குண்டு அவருடைய கோட்டைத் துளைத்துச் சுவரில் பட்டுக் கூரை வழியாக வெளியே போனது. உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தியாகவே வந்தது.

ஆகவேதான் ஆறு அறை இருந்தும் ஐந்து தோட்டா. போடும் முறையும் மனப்பாடமாக வேண்டியது: பாதி நிலையில் நிறுத்தி ஒன்று போடு, ஒன்றை விடு, நான்கு போடு, சுத்தியலை முழுதும் இழுத்து, மெல்ல இறக்கு. எண்ணிக்கை பிசகாவிட்டால் சுத்தியல் காலி அறை மீது வந்து உட்காரும். போட்டியில் இந்த ஐந்து கட்டாயம். தோட்டா இருக்கும் அறை மீது சுத்தியலை வைத்துக்கொண்டு வருபவர் அந்தச் சுற்றிலிருந்தே நீக்கப்படுவார். எல்லா விதிகளிலும் இதையே நான் முதலில் வைப்பேன். போட்டி இல்லாத நாளிலும், தனியாகச் சுடும்போதும் இதைக் கைவிடக் கூடாது.

இக்குறையைத் தீர்க்க இரண்டு வழிகளில் முயன்றிருக்கிறார்கள். இத்தாலிய நகல்கள் பலவற்றில் சிலிண்டரின் அச்சுக்கம்பியில் இரண்டு பள்ளங்கள் இருக்கும். கம்பியை இரண்டாவது பள்ளம் வரை உள்ளே தள்ளினால் சுத்தியல் முழுதும் இறங்க முடியாதபடி அது தடுக்கும். இது பூட்டி வைக்கும்போது உதவும், சுடும்போது உதவாது. இது தெரியாமல் கம்பியை உள்ளே தள்ளிவிட்டு, துப்பாக்கி வெடிக்கவே மாட்டேன் என்கிறது என்று திகைத்துப்போனவர்கள் உண்டு. அண்மைக்கால உபெர்ட்டிகள் சிலவற்றில் ஊசி சுத்தியலுக்குள்ளே பின்வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும் வந்திருக்கிறது.

ரூகரின் வழி வேறு. 1953இலேயே அந்த நிறுவனம் தட்டை ஸ்பிரிங்குகளை விட்டுச் சுருள் ஸ்பிரிங்குகளுக்கு மாறியது. 1973இல் சுத்தியலுக்கும் ஊசிக்கும் நடுவே ஒரு பட்டையை வைத்தது. விசையை அழுத்தினால்தான் பட்டை எழுந்து நின்று அடியை ஊசிக்குக் கடத்தும், மற்ற நேரம் சுத்தியல் ஊசியைத் தொடவே முடியாது. 1993இல் வந்த வாக்கேரோவும், கோல்ட்டின் அளவுக்கே நெருங்கிவந்த 2005ஆம் ஆண்டின் நியூ வாக்கேரோவும் இந்த ஏற்பாடு கொண்டவை. பாதி நிலை கிடையாது, பக்கக் கதவைத் திறந்தாலே சிலிண்டர் சுழலும். கோல்ட்டை இழுக்கும்போது கேட்கும் நான்கு சொடுக்குகள் இதில் கேட்காது. அந்த ஓசைக்காகவே உபெர்ட்டியை விடாதவர்களின் மனம் எனக்குப் புரிகிறது. வரலாற்றைக் கையில் பிடித்துப் பார்க்கும் ஆசை நியாயமானது.

வேகத்துக்காகச் சுத்தியல் ஸ்பிரிங்கை மெலிதாக்கும் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். புது உபெர்ட்டியின் ஸ்பிரிங் கடினமானது, ஓரளவு தளர்த்துவது நல்லதே. அளவுக்கு மீறினால் ஊசி வெடிமுனையைப் போதிய பலத்தோடு அடிக்காது, போட்டி நடுவே தோட்டா வெடிக்காமல் நிற்கும்.

தோட்டா அளவைப் பொறுத்தவரை .45 கோல்ட் வரலாற்றுக்குப் பொருத்தம். ஆனால் அதன் பெரிய உறை 40 கிரெய்ன் கரிமருந்துக்காக அமைந்தது. இன்று போட்டியில் போடும் குறைந்த மருந்துக்கு அந்த உறை போதுமான அளவு விரிந்து அறையை அடைக்காது. கரி பின்னுக்கு வந்து சிலிண்டரை இறுக்கும். .38 ஸ்பெஷல் மலிவு, உதைப்பும் குறைவு, கரித்தொல்லையும் குறைவு. ஏழு முதல் பத்து கஜத் தொலைவில் நிற்கும் பெரிய தகடுகளுக்கு அது தாராளம்.

என் தீர்ப்பு இதுதான். பராமரிப்பில் ஆர்வமில்லாமல் சுடுவதில் மட்டும் ஆர்வமுள்ளவர் .38 சுடும் நியூ வாக்கேரோவை வாங்கட்டும். பழையதன் நடையை அறிய விரும்புபவர் உபெர்ட்டியோ பியெட்டாவோ வாங்கி, ஸ்பிரிங்குகளை மாற்றி, திருகுகளை அவ்வப்போது முடுக்கி வைத்துக்கொள்ளட்டும். 1973க்கு முந்தைய ரூகர் யாருக்காவது வாரிசாகக் கிடைத்தால், அதிலும் சுத்தியல் நேரே ஊசி மீதுதான் உட்காரும். நிறுவனத்துக்கு அனுப்பினால் புதிய பட்டை ஏற்பாட்டை இலவசமாகப் பொருத்தி, கழற்றிய பழைய பாகங்களையும் திருப்பித் தருகிறார்கள். தயவுசெய்து அனுப்புங்கள். அதுவரை அதிலும் ஐந்தே போடுங்கள்.