எண்ணெயை மறைத்துவிட்டுப் பந்தை விற்காதே!

ரோட்டில் எண்ணெய் கொட்டினால் என்ன ஆகும்? ஸ்கூட்டர்கள் சறுக்கும். போலீஸ்காரர் ஓடி வந்து மண்ணைத் தூவுவார்.

ஆனால் ஒரு விளையாட்டில், தரையில் வேண்டுமென்றே எண்ணெய் பூசுகிறார்கள். அது கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால்தான் பல பேர் பணம் கரைகிறது!

அதுதான் பவுலிங். பெரிய கடை வளாகங்களில் கனமான பந்தை உருட்டி, 10 கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டம்.

எனக்குத் தெரிந்த மளிகைக் கடை அண்ணாச்சி ஒருவர் புலம்பினார்:

"தம்பி, பையன் இன்னொரு பந்து கேக்கான். இருக்கிற பந்துக்கு என்னல கேடுன்னு கேட்டா, 'எண்ணெய் மாறிப்போச்சு'ங்கான். எண்ணெய் யாவாரம் பண்ற எனக்கே காது குத்துதான், பாத்தீங்களா!"

பையன் சொன்னது பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை.

வழுக்கும் 40 அடி

ஆட்டக்காரர் நிற்கும் கோட்டிலிருந்து முதல் கட்டை வரை பாதையின் நீளம் 60 அடி. அகலம் 39 பலகைக் கணக்கு. முன்பக்கம் ஏறக்குறைய 40 அடிக்கு மெஷின் எண்ணெய் பூசும். மிச்சம் வறட்டுத் தரை.

எண்ணெயில் பந்து வழுக்கும். வறட்டுத் தரையில் பிடித்து வளையும். ஆட்டத்தின் சூட்சுமமே இதுதான்.

சாதாரணமாக நடுவில் எண்ணெய் கெட்டியாகவும், ஓரத்தில் லேசாகவும் இருக்கும். கை தப்பி ஓரம் போன பந்தும் திரும்பி வந்துவிடும். "நான்தான் கில்லாடி" என்று ஆட்டக்காரருக்கு நினைப்பு வரும்.

கடுமையான போட்டிகளில் எண்ணெயை ஏறக்குறைய சமமாகப் பரப்புவார்கள். அங்கே போனால் குட்டு வெளிப்பட்டுவிடும்!

மூணு ரகம்

பிளாஸ்டிக் பந்து: ஏறக்குறைய நேராகப் போகும். மிஞ்சி நிற்கும் ஒற்றைக் கட்டையை அடிக்க இதுதான் நம்பகமானது. விலையும் குறைவு.

யூரித்தேன் பந்து: சீக்கிரமே பிடித்து, நிதானமாக வளையும். எண்ணெய் குறைந்த, நீளம் குறைந்த பாதைக்கு ஏற்றது.

ரியாக்டிவ் ரெசின் பந்து: எண்ணெயை உறிஞ்சும். கடைசியில் வெடுக்கென்று திரும்பும். அமெரிக்காவிலேயே இதில் உயர்ந்த ரகம் 200 டாலர் அளவில் விற்கிறது.

மேல்பூச்சும் முக்கியம். சொரசொரப்பான பந்து கெட்டி எண்ணெய்க்கு. பளபளப்பான பந்து எண்ணெய் குறைந்த தரைக்கு. ஒரே பந்தைத் தேய்த்தோ, பாலிஷ் போட்டோ குணத்தை மாற்றலாம். போட்டி தொடங்கிய பிறகு தேய்க்கத்தான் தடை!

ஊறிய பந்து

"பந்தில் என்னப்பா இருக்கு?" என்று அலட்சியமாகவும் இருக்க வேண்டாம். 1973இல் அமெரிக்காவில் டான் மெக்யூன் என்ற ஆட்டக்காரர், பிளாஸ்டிக் பந்தை ரசாயனத்தில் ஊறவைத்தார். மேல்தோல் மென்மையானது. தரையை நன்றாகப் பிடித்தது. அந்த ஒரே வருடத்தில் 6 பட்டங்கள்!

அன்று அதற்குத் தடை இல்லை. பிறகுதான் பந்து இவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. 2022இல்கூட, போதிய கடினம் இல்லை என்று ஒரு ரகப் பந்துக்கு அமெரிக்க பவுலிங் காங்கிரஸ் அனுமதியை ரத்து செய்தது.

ஆக, பந்து முக்கியம்தான். ஆனால் தரை தெரியாமல் பந்து வாங்குவது, கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குவது மாதிரி!

முதலில் காலை நகர்த்து

இன்னொன்று. ஆட ஆட, பந்துகள் எண்ணெயைத் துடைத்துக்கொண்டு போகும். ஆரம்பத்தில் வழுக்கிய இடம், ரெண்டு மணி நேரத்தில் வறண்டுவிடும்.

அதற்குப் புதுப் பந்து எதற்கு? வலது கைக்காரருக்குப் பந்து அதிகமாக வளைந்தால், நிற்கும் இடத்தை இடது பக்கம் நகர்த்தினால் போதும். அங்கே எண்ணெய் மிச்சம் இருக்கும். செலவு? காலணா கிடையாது!

நகர்ந்தும் சரிப்படாவிட்டால்தான் பந்தை மாற்ற வேண்டும்.

போர்டு வையுங்கள்

ரேஷன் கடையில் இருப்புப் பலகை வைக்கிறோம். ஓட்டலில் விலைப் பட்டியல் ஒட்டுகிறோம். ஆட்டத்துக்குக் காசு வாங்குகிற கூடத்தில் எண்ணெய்க் கணக்கை ஏன் ஒட்டக் கூடாது?

எத்தனை அடி, எங்கே கெட்டி, எத்தனை மணிக்குப் பூசியது. மூணே வரி போதும். பெரிய போட்டிகளில் இந்த வரைபடத்தைக் கொடுக்கத்தான் செய்கிறார்கள்.

நீளம் தெரிந்தால் ஒரு கணக்கு போடலாம். அதிலிருந்து 31ஐக் கழியுங்கள். 40 அடி என்றால் 9. எண்ணெய் முடிகிற இடத்தில் பந்து ஓரத்திலிருந்து 9ஆவது பலகை பக்கம் இருக்க வேண்டும். துல்லியமான சட்டம் இல்லை. ஆனால் குருட்டாம்போக்கில் உருட்டுவதைவிட எவ்வளவோ மேல்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. விரலுக்குப் பொருந்துகிற ஒரு பிளாஸ்டிக் பந்து, நடுத்தர ரகத்தில் ஒரு ரெசின் பந்து. கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு இது தாராளம். மூன்றாவது பந்து கேட்டால், "தரையில் எண்ணெய் எத்தனை அடி?" என்று கேளுங்கள். பதில் வந்தால் யோசிக்கலாம்.

இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"எண்ணெயைப் பாத்துட்டு வாங்குங்கன்னு சொல்லுதீங்க. நம்ம கடையில நானும் அதைத்தானே தம்பி சொல்லுதேன்!"