கால்சியம் என்ன கற்கண்டா?

ஒட்டன்சத்திரத்தில் நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு மூட்டுவலியில் தொடங்கி கால்சியம் மாத்திரையில் வந்து நிற்கிறது. "எனக்கு நல்லாக் கேட்குது, நீங்களும் வாங்கிப் போடுங்க" என்று சிபாரிசு வேறு. கடையில் பெயரைச் சொன்னால் போதும், சீட்டு கேட்பாரில்லை. இதைச் சத்து என்கிறார்கள். மருந்து என்கிறேன் நான். மருந்துக்கு அளவு உண்டு.

ரத்தத்தில் கால்சியம் ஒரு டெசிலிட்டருக்கு சுமார் 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இருக்கலாம். அதற்கு மேல் ஏறினால் சிறுநீரகம் அடிவாங்கும். தண்ணீரை மிச்சம் பிடிக்கச் சொல்லி மூளையிலிருந்து வரும் ஹார்மோனின் பேச்சு அங்கே எடுபடாது. சிறுநீர் தண்ணீராகப் போகும். இரவில் பலமுறை எழ வேண்டும், நாக்கு வறளும். உடம்பில் நீர் வற்ற வற்ற கால்சியம் இன்னும் ஏறும். நாள்பட்டால் கல் சேரும், சிறுநீரகமே கெடும்.

நாமோ சர்க்கரை என்போம், பிராஸ்டேட் என்போம், வயசாச்சு என்போம். கல் வந்தால் தக்காளி மேல் பழி. நம் மார்க்கெட் தக்காளி என்ன பாவம் செய்தது?

வைட்டமின் டி கதை இன்னும் மோசம். 60,000 யூனிட், வாரம் ஒன்று என்று எழுதியதைத் தினம் ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. அது கொழுப்பில் தங்கிவிடும். நிறுத்தினாலும் உடனே இறங்காது. டி குறைபாடு மலிந்த காஷ்மீரிலேயே, அது மிஞ்சிப்போய் விஷமானவர்களைப் பற்றி மருத்துவர்கள் 2011-ல் எழுதியிருக்கிறார்கள்.

"டாக்டர்தானே எழுதினார்?" என்பீர்கள். எழுதினார், எத்தனை வாரத்துக்கு? பழைய சீட்டை வைத்து வருஷக்கணக்கில் வாங்கச் சொன்னாரா?

மாத்திரையே தொடாதவருக்கும் கால்சியம் ஏறலாம். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் பாராதைராய்டு என்று நான்கு சிறு சுரப்பிகள் இருக்கின்றன. அதில் ஒன்றில் கட்டி வந்தாலும் இதே தொல்லைதான். பெரும்பாலும் அறுவை சிகிச்சையில் சரியாகிவிடும், கண்டுபிடித்தால்!

குறைபாடு உள்ளவர்களுக்கு மாத்திரை வேண்டியதுதான். எழுதிக் கொடுத்ததை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். பாலும் மோரும் கேழ்வரகும் வழக்கம்போல் சாப்பிடுங்கள். ஆனால் சர்க்கரை சரியாக இருந்தும் இரவெல்லாம் எழுந்து நடக்கிறீர்களா? ரத்தத்தில் கால்சியமும் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வீட்டில் இருக்கும் அத்தனை மாத்திரையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை மட்டும் வாங்கிப் போடாதீர்கள்.