எண்ணூர் வட்டாரக் காற்று மாசைக் கட்டுப்படுத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்,
குடியிருப்போர் நலச் சங்கம், எண்ணூர்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அவர்கள்.

பொருள்: நிலக்கரிப் புகை, சாம்பல் தூசி, வாயுக் கசிவு ஆகியவற்றிலிருந்து பாதுகாப்பு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

அனல்மின் நிலையங்கள், துறைமுகங்கள், மணலியின் எண்ணெய், உரத் தொழிற்சாலைகள் எல்லாம் எங்களைச் சுற்றியே உள்ளன. புகைபோக்கியின் கந்தக டை ஆக்சைடு காற்றிலேயே நுண்துகளாக மாறுகிறது. சாம்பல் குளங்கள் காய்ந்தால் ஆடிக் காற்றில் சாம்பல் சோற்றுத் தட்டு வரை வருகிறது. 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள் நுரையீரலைக் கடந்து ரத்தத்தில் கலந்து, ஆஸ்துமா, மாரடைப்பு, பக்கவாத அபாயத்தைக் கூட்டுகிறது. வெளிக்காற்று மாசு புற்றுநோய்க் காரணி எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2013-லேயே அறிவித்தது. இத்துகளுக்கு 24 மணி நேரச் சராசரியாக உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். நம் நாட்டு வரம்போ 60.

2023 டிசம்பர் 26 நள்ளிரவு, கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறலோடு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

எனவே எங்கள் கோரிக்கைகள்:

1. கந்தக டை ஆக்சைடு வரம்பு 2015-இல் அறிவிக்கப்பட்டு, அதை எட்டுவதற்கான கெடு பலமுறை நீண்டுவிட்டது. பெருநகரங்களை ஒட்டிய அனல்மின் நிலையங்களுக்கு இப்போதுள்ள கெடு 2027 டிசம்பர். எங்கள் பகுதி நிலையங்களுக்கு இனியும் நீட்டிப்புத் தரக்கூடாது என அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

2. சாம்பல் குளங்களை எப்போதும் ஈரமாக வைத்திருக்க வேண்டும். உடைந்த சாம்பல் குழாய்களை உடனே மாற்ற வேண்டும். தார்ப்பாய் மூடாத நிலக்கரி, சாம்பல் லாரிகளுக்கு அபராதம் விதிக்க வேண்டும்.

3. குடியிருப்புகளுக்குள் தொடர் அளவீட்டுக் கருவிகள் பொருத்தி, அன்றாட அளவை ரேஷன் கடை, பள்ளி வாசல்களில் தமிழில் எழுதி வைக்க வேண்டும்.

4. வாயு கசிந்தால் ஊர் முழுக்கக் கேட்கும் அபாயச் சங்கு வேண்டும். எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று ஆண்டுக்கு இருமுறை ஒத்திகை நடத்த வேண்டும்.

5. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நுரையீரல் செயல்திறன் பரிசோதனை இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

இக்கோரிக்கைகள் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை 30 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். தண்ணீர் கெட்டால் கேன் வாங்கிக் குடிக்கிறோம். காற்றுக்கு அப்படி மாற்று வழி இல்லை.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர்
மற்றும் சங்க உறுப்பினர்கள்