குக்கர் ரப்பரும் கார் பேக்கிங்கும்

கார் ஓட்டவே தெரியாத நான் காரைப் பற்றி எழுதுகிறேனே என்று சகோதரிகள் சிரிக்க வேண்டாம். பத்தாம் வகுப்புப் படித்த, 36 வயது இல்லத்தரசி நான். என் கழுத்தில் இருக்கும் இரண்டு பவுன் சங்கிலி போன மாதம் அடகுக் கடைக்குப் போயிருக்க வேண்டியது. போகாமல் தப்பியது ஒரு ரப்பர் வளையத்தால்தான். அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் வீட்டில் இருப்பது பழைய மாருதி 800. 2014-லேயே இந்த வண்டியைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள். இருந்தாலும் முழங்கால் வலியால் நடக்க முடியாத என் மாமனாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக எங்களுக்கு அதை விட்டால் வேறு கதி இல்லை.

சில மாதங்களாகவே வாசலில் கார் நிற்கும் இடத்தில் எண்ணெய் சொட்டிக் கிடந்தது. தினமும் காலையில் சோப்புத்தூள் போட்டுத் தேய்ப்பது என் வேலை. வண்டி ஓடி வந்து நின்றால், அடுப்பில் எண்ணெய் சிந்தித் தீய்ந்த மாதிரி ஒரு வாடை. என் கணவர் ஒரு ஒர்க்ஷாப்பில் காட்டினார். அங்கே பானெட்டைத் தூக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்ஜின் பூரா ஆயில் கசியுது சார், இறக்கித்தான் வேலை பார்க்கணும், 25,000 ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் என் சங்கிலியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தார். பெண்ணின் பள்ளிக் கட்டணம் கட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் பானெட்டைத் திறக்கச் சொல்லி, பழைய துணியால் இன்ஜினைச் சுத்தமாகத் துடைத்தேன். ஒரு தடவை கடைத்தெரு வரை போய்வரச் சொன்னேன். திரும்பி வந்து இன்ஜின் ஆறியதும் பார்த்தால், உச்சியில் இருக்கும் மூடியின் ஓரத்தில்தான் புதிதாக எண்ணெய் பளபளத்தது. அங்கிருந்துதான் பக்கவாட்டில் வழிந்து கீழே சொட்டியிருக்கிறது.

"ஏங்க, இந்த மூடிக்கு அடியில குக்கர் மாதிரி ரப்பர் ஏதாவது இருக்குமா?" என்றேன். "உனக்கு எல்லாமே குக்கர்தானா? சும்மா இரு" என்றார். ஆனால் சாயங்காலமே எங்கள் தெருமுனையில் இருக்கும் வயதான மெக்கானிக்கைக் கூட்டி வந்துவிட்டார். அவர் பார்த்ததும், "தங்கச்சி சொல்றது சரிதான் தம்பி. டேப்பெட் கவர் பேக்கிங் போயிருக்கு" என்றார்.

பக்கத்திலேயே நின்று முழுவதையும் பார்த்தேன். இன்ஜினின் உச்சியில் வால்வுகள் வேலை செய்கிற இடத்தில் ஆயில் தெறித்துக்கொண்டே இருக்குமாம். அது வெளியே வராமல் மூடியோடு சேர்ந்து தடுப்பதுதான் பேக்கிங். வருஷக்கணக்கில் சூடு பட்டால் அந்த ரப்பர் இறுகிவிடும். எங்கள் வண்டியில் இருந்தது வற்றல் மாதிரி ஒடிந்து வந்தது! நம் குக்கர் ரப்பர் இறுகினால் ஓரத்தில் ஆவி வருகிறதே, அதே கதைதான். கசிந்த ஆயில் சூடான புகைக்குழாய் மேல் படுவதால்தான் தீய்ந்த வாடை. அதிகமாக விட்டால் தீப்பிடிக்கிற ஆபத்துகூட உண்டாம்.

இன்ஜின் நன்றாக ஆறும்வரை அவர் கை வைக்கவில்லை. மூடியைச் சுற்றி இருந்த மண்ணை முதலில் துடைத்தார், உள்ளே விழுந்துவிடக் கூடாதே என்று. கழற்றிய பிறகு பழைய பிசிறு ஒன்றுகூட இல்லாமல் மேலும் கீழும் சுத்தம் செய்தார். புது பேக்கிங்கைப் பொருத்தி, நட்டுகளை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார். ஒரேயடியாக இறுக்கினால் பேக்கிங் நசுங்கி மறுபடியும் கசியுமாம். உள்ளே சேரும் காற்றை வெளியேற்றும் குழாயையும் ஊதிப் பார்த்தார். அது அடைத்திருந்தால் அழுத்தம் ஏறி, புது பேக்கிங்கிலும் ஆயில் வந்துவிடும். வெயிட் போடும் குழாய் அடைத்த குக்கர் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா!

கூலியும் சாமானும் சேர்த்து 600 ரூபாய். குறைந்திருந்த ஆயிலை ஊற்றியது தனி. ஒரு மாதமாக வாசலில் ஒரு சொட்டு இல்லை.

எல்லா மெக்கானிக்குகளும் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். எங்களைக் காப்பாற்றியவரும் ஒரு மெக்கானிக்தானே? வெளியே கசிவே இல்லாமல் ஆயில் குறைந்து, சைலன்சரில் நீலப் புகை வந்தால் அது பெரிய வேலையாகவே இருக்கலாம். ஆனால் பெரிய செலவு என்று யாராவது சொன்னால், "எந்த இடத்திலிருந்து வருகிறது? துடைத்துவிட்டுக் காட்டுங்கள்" என்று கேட்கலாமே. கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் பார்க்கலாமே. வாரம் ஒரு தடவை சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஆறியபின் ஆயில் குச்சியை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டுப் பார்ப்பது சாம்பாரில் உப்புப் பார்ப்பதைவிடக் கஷ்டமா என்ன?

கார் ஆம்பளைங்க சமாச்சாரம் என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் செலவு என்று வந்தால் முதலில் கழற்றப்படுவது நம் கழுத்துச் சங்கிலிதான். அப்படியிருக்க, கேள்வி கேட்க மட்டும் நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்? நாமே ஸ்பேனர் பிடிக்க வேண்டாம். பக்கத்தில் நின்று பார்த்தாலே போதும். அடுப்படியில் படித்த பாடம் அங்கேயும் உதவும்.

இப்போதெல்லாம் வண்டியில் சின்னச் சத்தம் கேட்டாலும் என்னவர், "நீ வந்து ஒரு தடவை பாரேன்" என்கிறார். இந்த மரியாதை 25,000 ரூபாய்க்கு மேலே இல்லையா தோழிகளே?

– ஓர் இல்லத்தரசி, திண்டுக்கல்.