முடிவு முன்னே, வாக்கெடுப்பு பின்னே

ஈராக் போருக்கு பிரிட்டன் மக்களவை 2003 மார்ச் 18 அன்று ஒப்புதல் தந்தது. ஆதரவு 412, எதிர்ப்பு 149. ஆனால் முடிவு அன்று பிறந்ததல்ல. எது வந்தாலும் உங்களோடு நிற்பேன் என்ற பொருளில் பிரதமர் டோனி பிளேர், அமெரிக்க அதிபர் புஷ்ஷுக்கு 2002 ஜூலையிலேயே எழுதிவிட்டார். அதன்பின் நடந்தது காரணம் தேடும் படலம்தான். பேரழிவு ஆயுதங்கள் குறித்த உளவுத் தகவல்கள் ஐயமற்றவைபோலக் காட்டப்பட்டன. போர் சட்டப்படி செல்லுமா என்று அரசுத் தலைமை வழக்கறிஞர் மார்ச் 7-இல் தயக்கத்தோடு எழுதிய விரிவான கருத்துரை அமைச்சரவையின் பார்வைக்கே வரவில்லை. பத்து நாள் கழித்து வந்தது தயக்கம் நீக்கப்பட்ட சுருக்கம். படைகள் வளைகுடாவில் குவிந்தபின் எம்.பி.க்களைக் கேட்பது, தாலி கட்டியபின் பெண்ணின் சம்மதம் கேட்பது போன்றது. போரை எதிர்த்து ராபின் குக் அமைச்சர் பதவியை உதறினார். அந்தத் துணிவு பலருக்கு வரவில்லை.

அமைதி வழிகள் தீர்ந்துபோகும் முன்பே போர் தொடங்கப்பட்டது என்று இந்தப் போரை ஆராய்ந்த சில்காட் விசாரணைக் குழு 2016-இல் சொன்னது. பிரிட்டிஷ் படையினர் 179 பேரும், கணக்கே உறுதியாகாத ஈராக்கியர் பல்லாயிரம் பேரும் மாண்டபிறகு!

போருக்கு நாடாளுமன்ற ஒப்புதலைக் கட்டாயமாக்கும் சட்டம் அதன்பிறகும் வரவில்லை. 2018 ஏப்ரலில் சிரியாவைத் தாக்கும் முன் அப்போதைய பிரதமர் தெரேசா மே நாடாளுமன்றத்தைக் கேட்கவுமில்லை. அந்தச் சட்டத்தை பிரிட்டன் இயற்ற வேண்டும். வாக்கெடுப்பு படை நகரும் முன்பே நடக்க வேண்டும்.